லோரிமர் கிண்ணமும் நான்காவது பிரதியும்

செபமாலையின் பெயரைப் பொலிசுக்குக் கொடுத்தது நான்தான் என்று அவருடைய குடும்பம் அந்நாளில் நம்பியது. கொட்டாஞ்சேனையில் அவர்கள் குடியிருந்த ஒழுங்கை முழுவதும் அதை நம்பியது. கோல்ஃப் கிளப்பில் உத்தியோகம் பார்க்கிற தமிழ்ப் பெண், தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு தமிழனைக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். நடந்தது அதுவல்ல. ஆனால் நடந்ததை உள்ளபடி சொன்னால் அதில் எனக்குப் பெருமையாக ஒன்றும் மிஞ்சாது. ஆகவே நான் மறுத்துப் பேசவில்லை.

சென்ற மாதம் கிளப்பின் இப்போதைய செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். முப்பது வயதும் நிரம்பாத பெண். பழைய ஆண்டு மலரை மறுபதிப்புச் செய்யப் போகிறார்களாம். அதிலுள்ள லோரிமரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியது நான்தானா, மூலக் குறிப்புகள் என்னிடம் இருக்கின்றனவா என்று கேட்டார். பேச்சு வேலையின் பக்கம் திரும்பியது. இப்போது போட்டிப் பட்டியலைக் கணினியே போடுகிறதாம். யாராவது விலகினால் அவருடைய பெயர் எல்லா இடத்திலிருந்தும் தானாக மறைந்துவிடுமாம். மறைந்துவிடுமா என்று நான் இரண்டு தரம் கேட்டேன். அவர் சிரித்தார். அன்றிரவே எழுதத் தொடங்கியிருக்க வேண்டும். மூன்று வாரம் தள்ளிப் போட்டுவிட்டேன்.

நான் அங்கே தட்டெழுத்தாளராகச் சேர்ந்தேன். போட்டிகளுக்குப் பொறுப்பான எழுதுவினைஞராக ஓய்வு பெற்றேன். இடையிலுள்ள இருபத்தாறு வருடங்களில் ஒரு நாளாவது நான் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனால் எந்த ஆட்டக்காரருக்கு எத்தனை அடி சலுகை, எந்த மழைக்கு எந்தக் குழியை மூட வேண்டும், கையெழுத்தில்லாத ஆட்ட அட்டையை என்ன செய்ய வேண்டும் என்பவை என்னைக் கேட்டே தீர்மானிக்கப்பட்டன. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இதை ஒரு பெரிய பாதுகாப்பாகக் கருதினார்கள். இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த நாட்களில், கிளப்பில் எனக்கு வேலை என்று எழுதிய கடதாசியைக் காட்டினால் சிப்பாய்கள் மேற்கொண்டு கேட்பதில்லை. என் கணவர் நவரட்ணம் அதன் பிரதியொன்றை மடித்துத் தன் சட்டைப் பையில்கூட வைத்திருந்தார்.

என் மேலதிகாரி செயலாளர் பெரெய்ரா. தேயிலைத் தரகராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அறைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். நான் கோப்பை வைத்துவிட்டுத் திரும்பும் வரை உட்கார மாட்டார். எந்தத் தாளையும் வெறுங்கண்ணால் வாசிக்க மாட்டார். ஓர் அடிமட்டத்தை முதல் வரியின் கீழ் வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டு வருவார். அடிமட்டம் ஓர் இடத்தில் நின்றால் அங்கே பிழை இருக்கிறது என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல்லை நான் கேட்டதேயில்லை. "கமிட்டி அப்படி நினைக்கவில்லை, மிஸிஸ் நவரட்ணம்" என்பார். ஊரடங்கு போட்ட நாட்களில் தன் காரை அனுப்பி என்னை வீட்டில் சேர்ப்பித்தவர் அவர். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடிந்தால் எனக்கு இதை எழுதுவது இலகுவாக இருக்கும்.

போட்டிப் பட்டியல் பற்றி அவருக்கு ஒரு நியமம் இருந்தது. யார் யாருடன், எத்தனை மணிக்கு ஆடுவது என்று சீட்டுப் போட்டு எடுத்துத் தட்டெழுதிக் கையெழுத்திட்ட பிறகு, அந்தத் தாளை மறுபடி தட்டெழுதக் கூடாது. முன்னொரு காலத்தில் யாரோ ஒருவருக்கு இலகுவான எதிராளி கிடைக்கட்டும் என்று பட்டியலை இரகசியமாக மாற்றி எழுதினார்களாம். ஆகவே, ஒருவர் விலகினால் அவருடைய பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரே ஒரு நேர்கோடு. பெயர் கோட்டின் கீழ் தெளிவாகத் தெரிய வேண்டும். பக்கத்தில் கோடு இட்டவரின் முதலெழுத்துகளும் நேரமும் இருக்க வேண்டும். அறிவிப்புப் பலகைக்கு ஒரு பிரதி, ஆட்டத்தைத் தொடக்கி வைப்பவருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று. மூன்றிலும் ஒரே கோடு, ஒரே மை. எதையும் மறைக்காத ஒரு முறை என்று எனக்கு அதில் நல்ல மதிப்பு இருந்தது. யுத்தம் கொழும்புக்குள் வந்த பிறகு நான்காவது பிரதி ஒன்றும் வேண்டியதாயிற்று. அது வாசலிலுள்ள இராணுவக் காவலரணுக்குப் போனது. போட்டி நாளில் உள்ளே வர அனுமதி பெற்றவர்கள் யார் என்று அவர்கள் அந்தத் தாளைப் பார்த்தே முடிவு செய்தார்கள்.

இனி லோரிமர். டேவிட் லோரிமர் என்ற அந்த ஸ்கொட்லாந்துக்காரரின் பெயரில் எங்கள் கிளப்பில் வருடந்தோறும் ஒரு கிண்ணத்துக்காக ஆடுவார்கள். காசுக்காக ஆடாத அமெச்சூர் ஆட்டக்காரர் எவரும் அதில் கலந்துகொள்ளலாம். அங்கத்தவராக இருக்க வேண்டியதில்லை. அதுதான் அந்தக் கிண்ணத்தின் சிறப்பு. ஆண்டு மலருக்காக அவருடைய வாழ்க்கையை எழுதும்படி பெரெய்ரா என்னிடம் சொன்னபோது, அலுமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய கூட்டக் குறிப்பேடு ஒன்றையும், லோரிமர் தன் தமக்கைக்கு எழுதிப் பின்னாளில் அவர்களுடைய குடும்பம் அனுப்பிவைத்த கடிதக் கட்டொன்றையும் எடுத்துத் தந்தார். அவற்றை அவர் வாசித்ததில்லை என்று நினைக்கிறேன். நான் மதிய உணவு வேளைகளில் நான்கு மாதம் வாசித்தேன்.

லோரிமர் பிரபு அல்லர். ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கடற்கரையிலுள்ள ஒரு மீன்பிடிப் பட்டினத்தில் கல் கொத்துபவரின் மகன். தானும் கல் கொத்தியவர். ஊருக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணற்புல்வெளி எல்லோருக்கும் பொதுவானது. பகல் முழுவதும் உளி பிடித்துவிட்டு, கோடையின் நீண்ட மாலைகளில் மூன்று மட்டைகளுடன் அங்கே போய் ஆடுவார். பத்தொன்பது வயதில் பக்கத்து ஊரில் நடந்த ஓர் ஆட்டத்தில் இரண்டாவதாக வந்து, பரிசாகக் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டார். அந்த வருடக் குளிருக்குத் தமக்கையின் வீட்டுக் கூரையைப் பழுது பார்த்தது அந்தப் பணத்தில்தான். பின்னர் கனவான்கள் அமெச்சூர்களுக்கென்று ஒரு போட்டியைத் தொடங்கியபோது, பணம் வாங்கி ஆடியவரை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி எழுந்தது. அவர்கள் முதலில் தன் கைகளைத்தான் பார்த்தார்கள், பந்து போய் விழுந்த இடத்தை அல்ல என்று தமக்கைக்கு எழுதியிருக்கிறார். கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு தரம் இறுதியாட்டம் வரை போய், இரண்டு தரமும் தோற்றார். கொழும்புத் துறைமுகத்தில் அலைத்தடுப்புச் சுவர் கட்டப்பட்டபோது, கற்களைச் சரிபார்க்கும் மேற்பார்வையாளராக இங்கே வந்து சேர்ந்தார்.

இங்கேயும் அதே கேள்வி. துறைமுகத்தில் கூலிகளோடு வெயிலில் நிற்பவரை அருகில் இருத்திச் சாப்பிட வணிகர்களும் தோட்டத் துரைமாரும் தயங்கினார்கள். அப்போதைய கமிட்டி கூடி எழுதிய தீர்மானத்தைக் குறிப்பேட்டில் கண்டேன். அவர் தன் சோற்றை உளியால் சம்பாதிக்கிறார், மட்டையால் அல்ல. ஆகையால் அவர் அமெச்சூர். முன்பு வாங்கிய பணம் கணக்கில் எடுக்கப்படாது என்பது அதன் சாரம். பத்து வருடம் இந்த ஊரில் அவரை வெல்ல ஆளிருக்கவில்லை. காய்ச்சலில் இறந்தார். இறந்த பிறகு கிண்ணம் வைத்தார்கள்.

இதையெல்லாம் எழுதி அச்சுக்குக் கொடுத்தேன். கிளப்பின் ஆட்ட அட்டைகளை அச்சடித்தது கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகம். அங்கே ஈய எழுத்துகளைக் கோப்பவர்தான் யோசேப் செபமாலை. அவருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. இருபத்தாறு வயது வரை எங்கள் கிளப்பில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்தவர். கெடி என்று அவர்களைச் சொல்வார்கள். அச்சகத்தில் வேலை கிடைத்த பிறகும் திங்கட்கிழமைகளில் வந்து ஆடுவார். அன்று திடல் மூடியிருக்கும், ஊழியர்கள் ஆடலாம். கெடிகளுக்குத் தலைவரான ஜமால்தீன் நானா அவருடைய அட்டைகளில் சாட்சிக் கையெழுத்திட்டு என்னிடம் தருவார். அந்த அட்டைகளை நான் மற்றவர்களுடைய அட்டைகளைப் போலவே கணக்கிட்டு வைத்திருந்தேன். எங்கள் அங்கத்தவர்களில் நால்வரைத் தவிர வேறெவரும் அவரைவிடத் திறமானவர்கள் அல்லர்.

அச்சுப்படியைத் திருத்தத்துக்குக் கொண்டு வந்த அன்று அவர் வழமை போலக் கதவடியில் நிற்கவில்லை, உள்ளே வந்தார்.

"மிஸ், அந்த வெள்ளைக்காரன் கல்லுக் கொத்தினவன் எண்டு எழுதியிருக்கிறியள். எழுத்தெழுத்தாக் கோத்தது நான்தானே, ரெண்டு தரம் வாசிச்சனான். நான் ஈயத்தைக் கொத்திறவன். எங்கள் ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?"

"நூறு வருசம்" என்றேன்.

"அப்ப நூறு வருசம் கழிச்சு வாறன். பேரை மட்டும் இப்ப போட்டு வையுங்கோ."

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார்: ஒருமுறை, ஒரேயொருமுறை, சனிக்கிழமையில் பிறர் பையில்லாமல், ஆட்டம் தொடங்குகிற அந்த முதற்புல்லில் நிற்க வேண்டும், தோற்றாலும் காரியமில்லை. கெடியாக இருந்த பதினைந்து வருடமும் சனிக்கிழமைகளில் அவர் அங்கே நின்றது பிறருடைய பையோடுதான். அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை.

எங்கள் கிளப்பின் விதியில், வளர்ந்த பிறகு கூலிக்குப் பை சுமந்தவர் அமெச்சூர் ஆக மாட்டார் என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அது தெரியும். லோரிமரின் தீர்மானமும் தெரியும். பழைய கமிட்டி ஒன்று முடிவு செய்ததைப் புதிய கமிட்டி மீறாது என்று நான் நம்பினேன்; புத்தகம் வாசிக்கிறவர்களுக்கு வரும் நம்பிக்கை அது. விண்ணப்பத்தை வாங்கிச் சீட்டில் அவருடைய பெயரையும் போட்டேன். ஏழு மணி நாற்பது நிமிடம், முதற்புல். பட்டியலைப் பெரெய்ரா அடிமட்டம் வைத்து வாசித்தார். அடிமட்டம் எங்கும் நிற்கவில்லை. கையெழுத்திட்டார். நான்கு பிரதிகளும் போக வேண்டிய இடத்துக்குப் போயின.

வியாழக்கிழமை ஓர் அங்கத்தவர் பலகையைப் பார்த்துவிட்டு, இது நம்முடைய பையைத் தூக்கியவனல்லவா என்று கேட்டார். அன்று மாலையே கமிட்டி கூடி, செபமாலை ஆட முடியாது என்று முடிவு செய்தது. வெள்ளிக்கிழமை காலை நான் குறிப்பேட்டைத் திறந்து பெரெய்ராவின் முன்னால் வைத்தேன். அவர் எழுந்து நின்று வாங்கி, உட்கார்ந்து, அடிமட்டத்தை வைத்துத் தீர்மானம் முழுவதையும் வாசித்தார். இரண்டாந்தரமும் வாசித்தார். பிறகு மூடித் தந்தார். அந்தத் தீர்மானம் லோரிமருக்காக எழுதப்பட்டது என்று கமிட்டி நினைப்பதாகச் சொன்னார். மலரின் அச்சுப்படியை எடுத்து, உளியும் பரிசுப் பணமும் வருகிற பந்தியைப் பென்சிலால் நீள வெட்டினார். இது இருந்தால் வேறு யாராவது கேட்கக்கூடும் என்றார்.

பிறகு பட்டியல். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். பலகைப் பிரதி, தொடக்குபவரின் பிரதி, அலுவலகப் பிரதி. நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நியமம். ஆகவே வாசலுக்கு நடந்து போய்க் காவலரணிலிருந்த தாளையும் வாங்கி, அதே கோட்டை இட்டு, என் முதலெழுத்துகளையும் பத்தே கால் என்ற நேரத்தையும் எழுதி, சிப்பாயிடம் திருப்பிக் கொடுத்தேன். அவன் பார்த்துவிட்டுச் சுவரில் குத்தினான். அந்தத் தாள் அங்கே எப்படி வாசிக்கப்படும் என்று நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. எங்களுக்கு அது ஓர் ஆட்டக்காரர் விலகியதன் குறி. அனுமதி பெற்றவர்களின் பட்டியலில், ஒரேயொரு தமிழ்ப் பெயரின் மேல், சிவப்பு மையில், கையெழுத்தோடு ஒரு கோடு. அது ஒரு சிப்பாய்க்கு வேறு எதைச் சொல்லும்?

செபமாலைக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. கமிட்டியின் முடிவுகளைக் கடிதத்தில் மட்டுமே அறிவிப்பது வழக்கம். தட்டெழுதி, பெரெய்ராவின் கையெழுத்தை வாங்கி, பதினொரு மணித் தபாலில் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை போட்ட தபால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன் கொட்டாஞ்சேனைக்குப் போகாது என்பது எனக்குத் தெரியாததல்ல. அச்சகத்தில் தொலைபேசி இருந்தது. இலக்கம் என் மேசைக் கண்ணாடியின் கீழேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. வழக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், நான் கொடுத்த நம்பிக்கையை என் வாயாலேயே திருப்பி வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது. கடிதம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஏழரைக்கு ஜமால்தீன் நானா அலுவலகப் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது.

"மிஸ், செபாவப் புடிச்சிட்டாங்க. கேட்டுல. லிஸ்ட்ல பேரு வெட்டி ஈக்கிதாம். வாணாண்டு வெட்டின ஆளு என்னத்துக்கு இரும்புப் பையோட வாரான்டு கேக்குறாங்க."

நான் வாசலுக்கு ஓடினேன். ஜீப் போய்விட்டது. அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்று இருந்ததாம். புதுச் சட்டை போட்டிருந்தார் என்றும், பட்டியலைத் திரும்பப் பார்க்கும்படி ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார் என்றும் நானா சொன்னார். திரும்பப் பார்த்தார்கள். கோடு அங்கேயே இருந்தது.

அலுவலகப் பிரதியை எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பொறுப்பதிகாரி மரியாதையாக இருத்தினார். கோட்டின் பக்கத்திலுள்ள எழுத்துகள் யாருடையவை என்று கேட்டார். என்னுடையவை என்றேன். ஏன் வெட்டினீர்கள் என்றார். எட்டு வருடத்துக்கு முன் அவர் கூலிக்குப் பை தூக்கியவர், அதனால் ஆட முடியாது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அதற்காக ஒருவனுடைய பெயரை வெட்டுவார்களா என்று கேட்டார். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரிந்தது. கிளப்பிலிருந்து ஒரு கடிதம் கொண்டு வரச் சொன்னார். இந்த வெட்டுக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை என்று எழுதினால் போதும், திங்கட்கிழமைக்கிடையில் விட்டுவிடலாம் என்றார்.

பெரெய்ரா இரண்டு வாக்கியம் சொன்னார், நான் தட்டெழுதினேன். செபமாலை இந்தக் கிளப்பின் அங்கத்தவர் அல்லர். போட்டிக்கான அவருடைய விண்ணப்பம் கமிட்டியினால் இரத்துச் செய்யப்பட்டது. இரண்டும் உண்மை. மூன்றாவது வாக்கியத்தை நான் கேட்டேன்.

"பாதுகாப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ஒரு வரி சேர்க்கலாமா, சேர்?"

"கமிட்டி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மிஸிஸ் நவரட்ணம். சொல்லாததை நான் எப்படி எழுதுவது?"

அவர் எழுந்து நின்றுதான் இதைச் சொன்னார். அன்று போட்டி நடந்துகொண்டிருந்தது. கமிட்டியினர் எல்லோரும் திடலில் இருந்தார்கள். யன்னலால் பார்த்தால் தெரிந்தார்கள். கூப்பிட்டுக் கேட்க அவர் விரும்பவில்லை. நான் என் பெயரில் தனியாக ஒரு கடிதம் எழுதலாமா என்று கணவரைத் தொலைபேசியில் கேட்டேன். "தமிழ்ப் பேரிலை கடிதம் குடுத்து என்ன பிரியோசனம்? பிறகு வெள்ளவத்தைக்கு எங்களைத் தேடி வருவாங்கள்" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. நான் எழுதவில்லை. இரண்டு வாக்கியக் கடிதத்தைக் கொண்டு போய்க் கொடுத்தேன். பொறுப்பதிகாரி வாசித்துவிட்டு அதைப் பட்டியலோடு சேர்த்துக் கோப்பில் குத்தினார். அவசரகாலச் சட்டத்தின் கீழ் தெற்கேயுள்ள முகாமொன்றுக்குச் செபமாலையை அனுப்பிவிட்டார்கள். பத்தொன்பது மாதம்.

நான்காம் நாள் செபமாலையின் தமக்கை றீற்றா அக்கா கிளப்பின் வாசலுக்கு வந்தார். பொலிசில் கோப்பைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். கோட்டையும் என் எழுத்துகளையும் கண்டிருக்கிறார். வாசலில் வைத்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"உங்கட கைதானே இது?"

"ஓம்" என்றேன். விளக்குவதற்குள் அவர் திரும்பிப் போய்விட்டார். குடும்பம் நம்பியது அந்த 'ஓம்' என்பதைத்தான்.

மலர் வெளிவந்தது. லோரிமர் அதில் துறைமுகப் பொறியியலாளராகவும் கனவானாகவும் இருந்தார். என் பெயர் கீழே இருந்தது. வெட்டிய பந்தியின் எழுத்துகளை அச்சுப் பலகையிலிருந்து பிடுங்கியவர் வேறொருவர். செபமாலை அப்போது உள்ளே. நான் வேலையை விடவில்லை. மேலும் பதினொரு வருடம் பட்டியல் போட்டேன். அடுத்த போட்டியிலேயே நான்காவது பிரதியைத் திருத்தாமல், ஒவ்வொரு தரமும் புதிதாகத் தட்டெழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். நியம மீறல்தான். பெரெய்ரா கண்டார், அடிமட்டத்தை அந்தத் தாளில் வைக்காமலே கையெழுத்திட்டார்.

முகாமிலிருந்து வந்த செபமாலையின் வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. எழுத்துக் கோக்க அவை வேண்டும். அச்சகத்தில் காகிதம் அடுக்கும் வேலை கொடுத்தார்கள். மட்டை பிடிக்க ஆசைப்பட்டாரா என்று நான் அறியேன். திங்கட்கிழமைகளில் அவர் வரவில்லை. சில வருடம் கழித்து, சிறுநீரகம் பழுதாகிக் களுபோவில ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று ஜமால்தீன் நானா சொன்னபோது போனேன். அக்கா மருந்து வாங்கப் போயிருந்த நேரம். முகம் வீங்கியிருந்தது, குரல் மாறவில்லை.

"அந்தப் பந்தியை வெட்டிப் போட்டாங்களாம், மிஸ். நல்லாக் கோத்திருந்தனான்."

மூலப்படி என்னிடம் இருக்கிறது என்றேன். தலையாட்டினார். கடிதத்தைப் பற்றியும் விதியைப் பற்றியும் கமிட்டியைப் பற்றியும் நான் சொல்லத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகு, குற்றம் சாட்டுகிற தொனி சிறிதுமில்லாமல், நேரம் கேட்பது போலக் கேட்டார்.

"ஒரு போன் அடிச்சிருக்கலாம்தானே, மிஸ்?"

றீற்றா அக்கா மருந்துப் பையோடு வந்து கட்டிலின் மறுபக்கம் நின்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். அந்த மாதக் கடைசியில் செபமாலை இறந்தார்.

புதிய செயலாளருக்கு லோரிமரின் வாழ்க்கையை முழுதாக அனுப்பியிருக்கிறேன். உளியும் பணமும் தீர்மானமும் அதில் உள்ளன. அச்சிடுவார்களா என்று நான் கேட்கவில்லை. பெரெய்ரா இறந்துவிட்டார். ஜமால்தீன் நானாவும் இல்லை. என் கணவர் போய் நான்கு வருடமாகிறது. கொட்டாஞ்சேனையில் அதே ஒழுங்கையில், நடந்ததை என்னிடமிருந்து இன்னும் கேட்காத றீற்றா அக்கா தனியாக இருக்கிறார்.